அவள் கூற்று

காலை ஐந்தரைக்கு எழுந்தான். படுக்கையை மடித்துச் சுவரோரம் வைத்தான். வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு அது நிறையும்வரை பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் ஏற்றினான். இரண்டு முட்டையை வேகப் போட்டான். தேநீரில் சர்க்கரை அத்தைக்கு மட்டும். முகம் மழித்தான். நேற்றுத் துவைத்துப் போட்ட சட்டையை உதறி மாட்டிக்கொண்டான். பையில் சிவப்புப் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது. பதினொரு மாதமாக எல்லா நாளும் இப்படித்தான். இதில் எதையும் யோசித்துச் செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் செய்ய முடிந்தது.

முன்னறையில் அத்தை அவனுக்கு முன்பே எழுந்து தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவியைப் பெற்றவள். மகள் போன பிறகும் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். யார் யாரை விட்டுப் போவது என்று தெரியாததால் இருந்தார்கள். சட்டைக் கம்பெனி ஒன்றுக்குக் காலர் தைத்துக் கொடுப்பது அத்தையின் வேலை. மூன்று பக்கம் தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மழுங்கிய மூங்கில் குச்சியால் முனையை உந்தி எடுக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் துணி பொத்துக்கொள்ளும். அழுத்தாவிட்டால் முனை மொண்ணையாக நின்றுவிடும். அந்த அழுத்தம் அவள் கட்டைவிரலுக்குத் தெரியும்.

மிதிக்கும் தாளத்துக்குச் சரியாக அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“விளக்கு அவியக்க... வழி நெடுசு... அவருக்கே...”

“அவியற்க, அத்தை. நெடிது. அவர்க்கே.”

“வாய்க்குள்ள நுழைய மாட்டேங்குதே மாப்பிள்ளை. கரடு முரடா இருக்கு. இதப் போயி படுத்த படுக்கையில எப்படித்தான் சொன்னாளோ.”

அவன் தேநீரை அவள் பக்கத்தில் வைத்தான்.

“ஞாயித்துக்கிழமை அத்தனை பேருக்கு முன்னாடி திணறினேன்னு வைங்க, என் மானம் போனாப் பரவாயில்ல. அவ மானம் போயிரும். இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க.”

“விளக்கு அவியற்க.”

“அவியற்க.”

“வழி நெடிது அவர்க்கே.”

“விளக்கு அணையாம பாத்துக்க, அவருக்கு வர்ற வழி தூரம். அதானே அர்த்தம்? இத இப்படியே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம், அந்தக் காலத்து ஆளுங்களுக்கு?” என்று அத்தை தானே சிரித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு காலரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க. இல்லேன்னா அவ கடைசி வார்த்தை காத்தோட போயிருக்கும்.”

அவன் முட்டையை உரித்தான். ஓடு சதையோடு பிய்ந்து வந்தது. அதையும் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் படித்த கல்லூரி மண்டபத்தில், மறைந்த பேராசிரியரின் நினைவு மலர் வெளியிடுகிறார்கள். முதல் படியை வாங்கிக்கொள்ள அத்தையை மேடைக்கு அழைத்திருந்தார்கள். மலரின் முதல் கட்டுரை அவள் மகளைப் பற்றியது. பேராசிரியர் தாம் சாவதற்கு முன் கடைசியாக எழுதியது. மேடையில் அந்தப் பாட்டைச் சொல்லுங்கள் என்று யாரும் அத்தையிடம் கேட்கவில்லை. அவளாகவே எடுத்த முடிவு அது. எழுத்துக்கூட்டவும் தெரியாதவள், மூன்று வாரமாகப் பெடலை மிதித்தபடி இரண்டாயிரம் வருஷத்துப் பழைய வரி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

•

பேராசிரியர் பழைய இலக்கியம் நடத்தினார். வேறு எந்தத் துறையிலும் இடம் கிடைக்காதவர்கள்தான் அந்த வகுப்பில் வந்து விழுவார்கள். முதல் நாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் சட்டைப்பையில் சாக்குக்கட்டியைப் போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் பை முழுக்க வெள்ளை மாவாக இருக்கும். ஒரு வரி படிப்பார். புத்தகத்தை மூடிவிடுவார். மூன்று கேள்வி கேட்பார். யார் சொன்னது? யாரிடம் சொன்னது? கேட்டவர் என்ன செய்தார்?

பழம்பாடல்களுக்கு அடியில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று யார் சொன்னது என்ற குறிப்பு இருக்கும். குறிப்பு இல்லாத பாட்டும் உண்டு. அங்கேதான் அவருக்குக் கொண்டாட்டம். “சாட்சி இல்லாம யார் வாயிலயும் வார்த்தைய வைக்காதீங்க. செத்தவங்க வாயில வைக்கவே வைக்காதீங்க. அவங்களால இல்லேன்னு சொல்ல முடியாது” என்பார். கரும்பலகையில் தாம் எழுதியது தப்பு என்று தெரிந்தால் அழிக்க மாட்டார். அடியில் கோடு போட்டு அதற்குக் கீழே சரியானதை எழுதுவார். “தப்பும் இருக்கட்டும்பா. அது மேலதான சரி வந்து உக்காருது?”

மாணவர்கள் எல்லாரும் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். நடுவில் கோடு. இடப்பக்கம் சொன்னது, வலப்பக்கம் சொல்ல வந்தது. பாட்டிலிருந்து எடுக்கக் கூடாது. தெருவிலிருந்து, வீட்டிலிருந்து, பஸ்ஸிலிருந்து எடுத்து எழுத வேண்டும். ‘மணி என்னங்க ஆச்சு?’ — எழுந்து போய்யா. ‘சாப்பிட்டுட்டுப் போலாமே’ — எங்கள் வீட்டில் இன்று ஒன்றும் இல்லை, இல்லை என்று சொல்லிவிடு. இப்படி. அந்த வகுப்பிலிருந்து போனவர்களில் ஒருவர் வக்கீலானார், ஒருத்தி நர்ஸ், ஒருவன் தபால் ஆபீசில், இரண்டு பேர் கடை வைத்தார்கள். எங்கே போனாலும் அந்த நோட்டுப் பழக்கம் அவர்களை விடவில்லை. எதிரே நிற்பவர் வாயைத் திறந்ததும் மனசுக்குள் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். அவனும் அந்த வகுப்புதான், அந்த நோட்டில் மூன்று வருஷமும் முதல் மதிப்பெண்.

அவனுக்கு ஒற்று என்று பெயர் வைத்தவர் அவர்தான். பாடப்புத்தகத்தில் விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து முதல் வாரமே நீட்டினான். “வாடா ஒற்று” என்றார். அதே வகுப்பில் இருந்த அவளுக்கு வைத்த பெயர் ஆனா. வாயைத் திறந்தாலே “ஆனா சார்...” என்றுதான் ஆரம்பிப்பாள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போய்ச் சொன்னபோது அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆனா உயிரெழுத்து. ஒற்று மெய்யெழுத்து. சேர்ந்தா உயிர்மெய். இலக்கணப்படி சரியாத்தான் இருக்கு, நடத்துங்க” என்றார்.

அவருக்கும் அவளுக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. அந்த விளக்குப் பாட்டு. கூற்றுக் குறிப்பு இல்லாத பாட்டு. தோழி கூற்று என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தார் அவர். தலைவி வாயடைத்துக் கிடக்கிறாள், தோழிதான் வேலைக்காரியிடம் விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்பது அவர் கட்சி.

“ஆனா சார், தோழின்னா ‘தலைவர்’னு சொல்லிட்டுப் போறா. பேரச் சொல்லாம, உறவச் சொல்லாம, மொட்டையா ‘அவர்’ங்கிறது பொண்டாட்டி மட்டும்தான சார்?”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

“சாட்சி?”

“சாட்சி இல்ல சார். ஆனா—”

“ஆனான்னு ஒரு சாட்சி கிடையாதும்மா. உக்காரு.”

•

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. கீழே இரண்டு இயந்திரங்கள், மேலே கணினி வைத்த அறை. அச்சுப்பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கும் அவனுக்கு ஜன்னலோர மேசை. படியேறும்போதே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சட்டையில் ஏறிவிடும். டைப் அடிக்கும் பெண்ணுக்கு அங்கே புயல் என்று பெயர். வேகம் அப்படி. சேதாரமும் அப்படி.

“புயல் அடிச்சு ஓஞ்சிருச்சு சார். எத்தன மரம் விழுந்திருக்குன்னு பாருங்க” என்று தாள்களை மேசையில் போட்டாள். “மலரோட முதல் பாரம், பதினாறு பக்கம். மூணு மணிக்குப் பிளேட் போடணும்னு கீழ சொல்லிட்டாங்க.”

அவன் சிவப்புப் பேனாவைத் திறந்தான். முதல் பக்கம். பெரிய எழுத்தில் தலைப்பு.

அவள் காற்று.

பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

பேராசிரியர் எழுதிய தலைப்பு ‘அவள் கூற்று’. இந்தப் பெண் கூவுக்குப் பதில் காவை அடித்துவிட்டாள். ஒரே எழுத்து. அதைச் சுழித்து ஓரத்தில் ‘கூ’ என்று எழுதினால் முடிந்தது. நாளுக்கு இருநூறு இடத்தில் செய்கிற வேலை. கை இறங்கவில்லை.

அவன் கீழே படித்தான். எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும், பொருளைப் பார்க்கக் கூடாது என்பது அவன் தொழிலில் பாலபாடம். இன்று முடியவில்லை. ‘முப்பது ஆண்டுகள் இதைத் தோழி கூற்று என்று சொல்லி வந்தேன். சாட்சி எங்கே என்று கேட்டு என் மாணவி ஒருத்தியை உட்கார வைத்தேன். அவள் தன் கடைசி மூச்சில், பக்கத்தில் இருந்த கணவனிடம், இந்த வரியைச் சொல்லிச் சாட்சியைத் தந்துவிட்டுப் போய்விட்டாள். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. இனி இது அவள் கூற்று.’

இத்தனை நேர்மையான பத்தியை அவன் படித்ததில்லை. அவள் சொன்னதாக அதில் இருந்தது நடக்கவே இல்லை.

•

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பன்னிரண்டு கட்டில் போட்ட அறை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட இடம் இருந்தது. கடைசி நாள் பிற்பகல் அவன் அங்கே உட்கார்ந்து பள்ளிப் பாடநூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசர வேலை, மறுநாள் கொடுத்தாக வேண்டும். காலையில்தான் அவள் கேட்டிருந்தாள்: “அந்தத் தாளையெல்லாம் இங்க எதுக்குக் கொண்டாந்தே?” அதிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் முகம் கடுத்தபடி இருந்தது. அத்தை வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள்.

அப்போது அவள் ஒன்று சொன்னாள். சாதாரணமாக, வீட்டில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“ஃபேன் தலைக்கு மேலதான ஓடுது” என்றான் அவன். தலையை நிமிர்த்தவில்லை. பிறகு எழுந்து, நாற்காலியையும் தாள்களையும் தூக்கிக்கொண்டு, சரி, உனக்கு நான் இங்கே இருப்பதுதான் தொந்தரவு என்று காட்டுகிற மாதிரி வராந்தாவுக்குப் போய்விட்டான். அங்கே நான்கு பக்கம் திருத்தினான். பதினொரு ஒற்றுப் பிழை. ஒன்றைக்கூட விடவில்லை.

உள்ளே ஓடிய செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து போனபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பிறகு விலகினார்கள். நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள்: “மூச்சு முட்டுது, அது இதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல சிஸ்டர்.”

முதல் பொய் அது.

அவள் இறந்த ஐந்தாம் நாள் பேராசிரியர் வந்தார். வீட்டில் இருந்த நல்ல இருக்கை அத்தையின் தையல் முக்காலிதான், அதில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் சாக்குத்தூள் இருந்தது. ஓய்வு பெற்று நாலு வருஷம், இன்னும் எங்கேயோ யாருக்கோ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, அவருக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும், “கடைசியா என்னப்பா சொன்னா?” என்றார்.

சுவரில் சாய்ந்திருந்த அத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

உண்மையான வார்த்தை அவன் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்தது யாரிடம் சொன்னாள் என்பார். அதற்கு அடுத்த கேள்வியும் அவனுக்குத் தெரியும். கேட்டவர் என்ன செய்தார்?

“உங்க விளக்குப் பாட்டச் சொன்னா சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது கைதவறிக் கீழே விழுந்தது. அத்தை எடுத்துக் கொடுத்தாள். “முழுசாவா?” என்றார். “முழுசா” என்றான். “அவர்க்கேன்னு முடிச்சாளா?” “ஆமா சார்.” அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “சாட்சி கேட்டேன்ல” என்று ஒருமுறை சொன்னார். அத்தை அதுவரை அழாதவள், அன்றுதான் அழுதாள். அழுகையில் ஒரு பெருமையும் இருந்தது. அவனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

எட்டு மாதம் அவர் உயிரோடு இருந்தார். எட்டு மாதத்தில் ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பி அவர் வீடுவரை போனான். படுத்திருந்தார். “சரியான நேரத்துல வந்தே ஒற்று. இத வாசி, கண்ணு தெரியல எனக்கு” என்று கையெழுத்துத் தாள்களைக் கொடுத்தார். இந்தக் கட்டுரை. அவன் உட்கார்ந்து சத்தமாக வாசித்தான். குரல் மாறவில்லை. முடித்ததும் அவர், “பிழை இருக்கா?” என்றார்.

“ரெண்டு எடத்துல ஒற்று விட்டுப்போயிருக்கு சார்” என்றான்.

“போடு” என்றார்.

போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான்.

•

மணி பதினொன்று. அவன் எழுந்து மாடிப்படியில் நின்று வக்கீலுக்குப் போன் செய்தான். மலர்க்குழுவின் தலைவர் அவர். கல்லூரியில் அவனுக்கு மூன்று வருஷம் மூத்தவர்.

“அண்ணே, முதல் கட்டுரைய நிறுத்தணும்.”

“டேய் ஒத்து, வெளாடாத. அதுதான்டா மலருக்கே மூஞ்சி.”

“அதுல இருக்கிறது நடக்கல. அவ அந்தப் பாட்டச் சொல்லல. நான் சாருகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

எதிர்ப்பக்கம் கோர்ட்டு வராந்தா இரைச்சல் கேட்டது. யாரோ ஒருவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டதும், வேண்டாம் என்று வக்கீல் சொன்னதும் கேட்டது.

“எதுக்குடா?”

“அவ சொன்னதச் சொல்ல எனக்கு வாய் வரல.”

“திட்டினாளா?”

“இல்ல.”

“வேற எவன் பேரையாச்சும் சொன்னாளா?”

“அண்ணே.”

“கேக்கத்தான்டா செய்வேன், தொழில் அப்படி.” மூச்சு விட்டார். “அந்தாளு முப்பது வருஷம் கட்டினத உன் ஒத்தச் சாட்சிய நம்பி மாத்தி எழுதினாருடா. இப்ப வந்து பிறழ் சாட்சி ஆகுறேங்கிற. அவரு குழியில எந்திரிச்சு உக்காருவாரு.”

“உக்காரட்டும்.”

“எத்தன பேருக்குத் தெரியும்?”

“உங்களுக்கு மட்டும்.”

“அந்தம்மாவுக்கு?”

“இன்னும் சொல்லல” என்றான் அவன். வக்கீல் ஓரமாக ஒதுங்கினார் போல, இரைச்சல் குறைந்தது. பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. கோர்ட்டுக் குரல் இல்லை. பின்பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவரின் குரல்.

“சார் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரு?”

“என்னைய வெளிய நிக்க வச்சிருப்பாரு.”

“அது எனக்கும் தெரியும். கட்டுரைய?”

“அழிக்க மாட்டாரு” என்றான். சொல்லும்போதுதான் அவனுக்கே தெரிந்தது. “அடியில கோடு போட்டுக் கீழ எழுதுவாரு.”

“அப்ப எழுது. அடிக்குறிப்பா. அவர் கேப்பாரே அதே மாதிரி, யார், யார்கிட்ட, கேட்டவன் என்ன செஞ்சான். உன் பேரு போட்டு. ஞாயித்துக்கிழமை உன்னப் பாத்து முந்நூறு பேரு முகத்தத் திருப்பிக்கப் போறாங்க. நானும்தான்டா திருப்பிக்குவேன், சொல்லிட்டேன். ஆனா அந்தம்மா மேடையில ஏறி அதச் சொல்லக் கூடாது. அதுக்கு முன்னாடி நீ சொல்லிடணும்.”

போனை வைத்துவிட்டார்.

•

மேலே வந்து உட்கார்ந்தபோது புயல் தன் திரையில் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். “வக்கீல் சார் இப்பத்தான் எனக்குப் போன் பண்ணாரு சார். கட்டுரைக்குக் கீழ குறிப்பு ஒண்ணு வருதாமே? நாலு வரிக்கு இடம் பண்ணி வச்சிட்டேன். தலைப்புல கூவும் போட்டுட்டேன். நீங்க திருத்தறதுக்கு முன்னாடி நானே ஒண்ணக் கண்டுபிடிச்சிட்டேன் பாத்தீங்களா?”

அவன் எதுவும் சொல்வதற்குள் படியில் கனத்த காலடி கேட்டது. நின்று நின்று ஏறுகிற காலடி. அத்தை. தோளில் பெரிய துணிப்பை. கம்பெனிக்குப் போகும் வழி. அச்சகத்துக்குள் அவள் வந்ததே இல்லை.

“இன்னைக்கு அச்சு ஏறுதாமே. தெருவுல பேசிக்கிட்டாங்க. அவ பக்கத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.” பையை இறக்கி வைத்தாள். புயல் எழுந்து தன் நாற்காலியைத் தந்தாள். அத்தை உட்காரவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் கிடந்த தாளைக் குனிந்து பார்த்தாள். தலைப்பின் முதல் எழுத்தின் மேல், தொடாமல், விரலைக் கொண்டுபோனாள்.

“இது ஆனாதானே?”

“ஆமா அத்தை.”

“தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து. அந்த சார் அவளுக்கு இந்தப் பேர வச்சாருன்னு சொன்ன அன்னைக்கு, அடுப்புக் கரியால செவுத்துல எழுதிக் காட்டினா. வெள்ளையடிக்கிறவரைக்கும் இருந்துச்சு.” நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. “இன்னொண்ணு கேளுங்க. நடந்து வரும்போது சட்டுனு வந்துருச்சு எனக்கு. விளக்கு அவியற்க. வழி நெடிது அவர்க்கே.”

ஒரு பிழை இல்லை.

“அட, சூப்பரும்மா!” என்றாள் புயல்.

“அத்தை” என்றான் அவன். “அவ அதச் சொல்லல.”

“எத?”

“அந்தப் பாட்ட. அவ சொல்லல. நான் சொன்னது பொய்.”

கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த தேநீர்க் குவளை அதற்கு அதிர்ந்துகொண்டிருந்தது. அத்தை அவன் முகத்தையே பார்த்தாள், அது விளையாட்டு என்று அவன் இப்போது சொல்லிவிடுவான் என்பது போல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மூணு வாரமா நான் மிதிச்சுக்கிட்டே சொன்னேனே. அது அப்ப யாரு வார்த்தை?”

“என்னோட பொய், அத்தை.”

“நீங்களே திருத்தித் திருத்திக் குடுத்தீங்களே.”

மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை அவன் மூடி வைத்தான்.

“பாவி” என்றாள். சத்தமாக இல்லை. நீங்க என்று மரியாதை தந்த ஆறு வருஷமும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. பையிலிருந்து ஒரு காலரை எடுத்தாள். முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், சரியாக இருக்கிறதா என்று. சரியாகத்தான் இருந்தது. திரும்ப வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“நான் வெந்நிக்குப் போயிட்டு வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆயிருக்குமா? அந்தப் பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் என்ன பேசினீங்கன்னு நான் கேட்டதே இல்ல. பாட்டுச் சொன்னான்னதும், அதுவே போதும்னு இருந்துட்டேன். பெரிய படிப்பு, பெரிய வார்த்தை, நமக்கென்ன புரியும்னு.” காலரை மடியில் வைத்தாள். “எனக்குப் புரியிற மாதிரிதான் ஏதோ சொல்லியிருக்கா, இல்ல? அதான் மறைச்சே.”

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

“இந்தப் பொண்ணு எதுக்கோ காத்துக்கிட்டிருக்காளே, என்ன அது?”

“பேப்பர்ல போடணும்மா” என்றாள் புயல், குரலை இறக்கி. “சார் சொன்னா அடிக்கணும்.”

“அப்ப சொல்லு. ஊருக்குச் சொல்றதுதான? நானும் இருந்து கேட்டுட்டுப் போறேன்.”

புயல் நின்றபடியே விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அது சரியில்லை என்று பட்டது. அத்தையின் பக்கமே திரும்பி நின்றான்.

“யார் சொன்னது. அவள்.”

விசைகள் தட்டின.

“யாரிடம். கணவனிடம்.”

தட்டின.

“கேட்டவர் செய்தது.” நிறுத்தினான். “‘ஃபேன் ஓடுகிறது’ என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான்கு பக்கம் திருத்தினார். திரும்பி வந்தபோது அவள் இல்லை. நர்ஸ் கேட்டபோது, எதுவும் சொல்லவில்லை என்றார். பேராசிரியர் கேட்டபோது பாட்டைச் சொன்னாள் என்றார்.”

புயலின் விரல்கள் வேகம் குறைந்து, கடைசிச் சொல்லில் ஒவ்வொரு விசையாக இறங்கின. முதல் தடவையாக ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருந்தாள்.

“சார், ‘சொன்னது’ன்னு மேல ஒரு வரி காலியா இருக்கு.”

அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த காலரின் முனை அவள் கட்டைவிரலுக்குள் மடங்கிப்போயிருந்தது.

“எழுத்து நடையில மாத்தி அடிக்கவா சார், இல்ல பேச்சாவே—”

“அவ சொன்னபடியே அடி” என்றான். “திருத்தாத.”

பிறகு சொன்னான்.

“கொஞ்சம் தள்ளி உக்காரேன். காத்து வரல.”